வெண்புள்ளி என்னும் சாட்சி

மதுரையில் வைகையின் வடகரையில் அமைந்துள்ள செல்லூர், தறியோசையோடு வளர்ந்த பகுதி. கோரிப்பாளையம் தர்காவும், அதனையடுத்துள்ள அரசு இராசாசி மருத்துவமனையும் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. செல்லூரிலும் அதனைச் சுற்றியுள்ள மஹல்லாக்களிலும் வாழும் நம் குடும்பங்களில், இரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாத வீட்டைக் காண்பது இன்று அரிது. சர்க்கரையின் அளவு, கொழுப்பின் அளவு, ஹீமோகுளோபினின் அளவு எனச் சீட்டு முழுவதும் எண்கள். எண் வரம்புக்குள் இருந்தால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிம்மதி கொள்கிறோம். வரம்பைக் கடந்தால் கலங்குகிறோம். அந்த எண் உண்மையில் எதற்குச் சாட்சி சொல்கிறது, எந்த அளவுக்கு அதனை நம்பலாம் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

அந்தக் கேள்வியை உலக மருத்துவம் எழுப்பி விடை தேடிய வரலாற்றில் நம் மதுரைக்கும் பங்குண்டு. ஒரு குழந்தையின் கண்ணில் தோன்றும் சின்னஞ்சிறு வெண்புள்ளியிலிருந்து தொடங்கும் வரலாறு அது.

உடலில் நிகழும் மாற்றத்தை வெளியே காட்டித்தரும் அடையாளத்தை இன்றைய மருத்துவர்கள் 'பயோமார்க்கர்' என்கின்றனர். நாம் அதனை 'உடற்சான்று' எனலாம். கண்ணால் பார்த்தும் நோயாளியிடம் கேட்டும் அறியப்படுவது நோய்க்குறி. இரத்தத்திலோ சிறுநீரிலோ அளந்து அறியப்படுவது உடற்சான்று. பெயர்தான் புதிது. அரபு மருத்துவ நூல்கள் நாடியையும் சிறுநீரையும் 'தலீல்' என்ற சொல்லாலேயே பேசின. மார்க்கச் சட்டத்தில் ஆதாரத்தைக் குறிக்க நாம் வழங்கும் அதே சொல்தான் அது. பொ.ஆ. 925 அளவில் மறைந்த அபூபக்ர் அர்ராஸி, பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிவதற்கெனத் தனிநூல் எழுதினார். முதுகுவலி மிகுந்தால் பெரியம்மை என்றும், குமட்டலும் மனக்கலக்கமும் மிகுந்தால் தட்டம்மை என்றும் ஐயுறலாம் என அவர் குறித்தார். எந்த ஒரு குறியையும் தனித்து நம்பாமல், குறிகளைச் சேர்த்துப் பார்த்தே அவர் முடிவுக்கு வந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

இனி நம் ஊர்க் குழந்தைகளிடம் வருவோம்.

பகலெல்லாம் தெருவில் ஓடியாடும் குழந்தை, மக்ரிப் வேளையில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும். முன்னே வைத்த தட்டைத் துழாவும். 'மாலைக்கண்' என்று தமிழில் இதற்குப் பெயரிட்டவர்கள் ஆய்வகத்தைக் கண்டவர்கள் அல்லர். குழந்தையைக் கூர்ந்து பார்த்த தாய்மார்களாகவே இருந்திருக்க வேண்டும். கிரேக்க மருத்துவமும் அரபு மருத்துவமும் இதற்கு ஈரலை மருந்தாக அறிந்திருந்தன. ஈரலில் இருப்பது எது என்பது 1913-ல்தான் தெளிவுபடத் தொடங்கியது. அவ்வாண்டில் அமெரிக்காவில் இரு குழுக்கள், வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் இருப்பதைக் காட்டின. பின்னர் அது வைட்டமின் 'ஏ' எனப் பெயர் பெற்றது.

இந்த வைட்டமின் உடலில் இரண்டு பணிகளைச் செய்கிறது. மங்கிய வெளிச்சத்தில் காண்பதற்கு வேண்டிய நிறமி விழித்திரையில் உருவாக இதுவே மூலப்பொருள். குறைந்தால் மாலைக்கண் வரும். கண், மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஈரப்படலத்தை உயிர்ப்போடு வைத்திருப்பதும் இதுவே. குறைந்தால் அப்படலம் உலர்ந்து தடிக்கும். கண்ணில் அந்த உலர்வு, கருவிழிக்குப் பக்கத்தில் நுரை போன்ற வெண்புள்ளியாகத் தெரியும். 1863-ல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் பியேர் பித்தோ அதனை மாலைக்கண்ணோடு தொடர்புபடுத்தி எழுதியதால், அது இன்றும் 'பித்தோ புள்ளி' என்றே வழங்கப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் கருவிழியே உருகிப் பார்வை பறிபோகும்.

இந்தத் துயரத்தைத் தமிழகம் நெடுங்காலம் சுமந்தது. குன்னூரில் இராபர்ட் மெக்கேரிசன் தொடங்கிய ஆய்வுப்பணி பெரிய ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. 1930-களில் அதன் இயக்குநராக இருந்த அய்க்ராய்டும், சென்னைக் கண் மருத்துவர் ரைட்டும், கருவிழி உருகும் நோய்க்குச் செம்பனை எண்ணெயைக் கொடுத்து ஆராய்ந்தனர். அந்த ஆய்வகமே பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

மதுரையில் இப்பணியை முன்னெடுத்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் பல்லாயிரம் கண் அறுவைகளைச் செய்தவர். கண் உலர்ந்த குழந்தைகளுக்காக 1970-களில் மதுரையில் ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் கண் ஆய்வாளர் ஆன்டுவனெட் பிரியும் அதில் துணைநின்றார். குழந்தைக்குச் சிகிச்சை அளித்ததோடு, எளிய செலவில் கீரையும் பருப்பும் சேர்த்துச் சமைக்கும் முறையைத் தாய்க்கும் அங்கே கற்பித்தனர். 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற வெங்கடசாமி, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அதற்கு முன்பே, 1970-ல், இந்திய அரசு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிறுவர்களுக்கு வைட்டமின் 'ஏ' கொடுக்கும் திட்டத்தை அறிவித்திருந்தது. அன்றைய நோக்கம் ஒன்றே: குருட்டைத் தடுப்பது. வெண்புள்ளி, வரவிருக்கும் குருட்டுக்குச் சாட்சி. இவ்வாறே அன்று எல்லோரும் அதனைப் படித்தனர்.

அந்தச் சாட்சி வேறொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தது என்பது இந்தோனேசியாவில் வெளிப்பட்டது. அங்கே சிறுவர்களின் கண்நோயை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் சோமர், கணக்குகளை மீண்டும் புரட்டியபோது ஒன்றைக் கண்டார். மாலைக்கண்ணோ வெண்புள்ளியோ மட்டுமே இருந்த, பார்வை இழக்காத குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக இறந்திருந்தனர். 1983-ல் அவர் இதனை வெளியிட்டார். கண்ணில் உலர்ந்த அதே படலம் மூச்சுக்குழலிலும் குடலிலும் நலிந்திருக்கிறது. அங்கே நுழையும் தொற்றைக் குழந்தையால் எதிர்க்க முடிவதில்லை. இதுவே அவர் தந்த விளக்கம். அடுத்து, நம் மார்க்கச் சகோதரர்கள் நிறைந்த அச்சே பகுதியின் 450 கிராமங்களில் வைட்டமின் கொடுத்துப் பார்த்தபோது, ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள சிறுவரின் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 1986-ல் அறிவிக்கப்பட்டது.

மருத்துவ உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. சில காசு பெறும் ஒரு மருந்து இத்தனை உயிர்களைக் காக்குமா என்று ஐயுற்றது. அந்த ஐயத்தில் தவறில்லை. ஓர் அறிவிப்பு எத்தனை இனிமையாக இருந்தாலும், அதனை அறிவித்தவர் யார், அவருடைய நினைவாற்றல் எத்தகையது, தொடர் அறுபடாமல் வந்துள்ளதா என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே ஏற்ற ஹதீஸ்கலை அறிஞர்களின் வழிவந்தவர்களுக்கு இந்தத் தயக்கத்தின் மதிப்பு விளங்கும். அச்சேயில் சிகிச்சை பெறாத கிராமங்களுக்குப் போலி மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. யார் எதைப் பெற்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே இன்னும் கண்டிப்பான சோதனை தேவைப்பட்டது.

அதனை மதுரை செய்தது. அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும், அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் பார்பரா அண்டர்வுட் உள்ளிட்ட குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறுவர்களை ஓராண்டு முழுவதும் பின்தொடர்ந்தனர். பாதிக் குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிற்றளவில் வைட்டமின் 'ஏ'வும் வைட்டமின் 'ஈ'யும். மறுபாதிக்கு 'ஈ' மட்டும். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. ஊர்த் தொண்டர்கள் வாரந்தோறும் வீடுதேடிச் சென்று மருந்தைக் கொடுத்து, நோயையும் இறப்பையும் குறித்து வந்தனர். இரு பிரிவுகளிலும் குறைந்தது 88 விழுக்காட்டுக் குழந்தைகளை ஒவ்வொரு வாரமும் அவர்களால் சந்திக்க முடிந்தது.

1990-ல் முடிவு வெளிவந்தது. அந்த ஓராண்டில் 125 குழந்தைகள் இறந்திருந்தனர். வைட்டமின் 'ஏ' பெற்றோரிடையே இறப்பின் வாய்ப்பு, பெறாதோரிடையே இருந்ததில் பாதிக்கும் குறைவு. அதாவது 54 விழுக்காடு சரிவு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமும், நெடுங்கால உணவுக்குறைவால் வளர்ச்சி குன்றியவர்களிடமும் பயன் மிகுதியாக இருந்தது. இங்கே ஒன்றை நாம் உள்வாங்க வேண்டும். மருந்து, கண்ணில் புள்ளி உள்ளவர்களைத் தேடித் தேர்ந்தெடுத்துக் கொடுக்கப்படவில்லை, எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. புள்ளி தோன்றும் முன்பே குறைபாடு குழந்தையை அரித்துக்கொண்டிருந்தது. கண்ணில் எதுவும் தெரியாத குழந்தையைப் பார்த்து "நலமாக இருக்கிறது" என்று ஊரே நம்பியிருக்கும். சாட்சி வாய்திறக்கவில்லை என்பதற்காக ஆபத்து இல்லையென்று ஆகிவிடாது.

அப்படியெனில், கண்ணுக்கு முன்பே பேசும் சாட்சி எது? இரத்தத்தில் உள்ள ரெட்டினாலின் அளவு என்று நாம் நினைக்கலாம். லிட்டருக்கு 0.70 மைக்ரோமோலுக்குக் கீழே சென்றால் குறைபாடு என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. ஆனால் இந்தச் சாட்சிக்கும் இரண்டு குறைகள் உண்டு.

முதலாவது, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து எடுத்து எடுத்து இரத்தத்தின் அளவைச் சீராக வைத்திருக்கும். சேமிப்பு ஏறக்குறையத் தீரும்வரை இரத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாது. கடையில் சரக்கு தீர்ந்துகொண்டிருக்க, முன்பலகையை மட்டும் நிரப்பி வைத்திருக்கும் வணிகரைப் போன்றது இது. இந்தத் திரையை விலக்க அண்டர்வுட்டும் அவருடைய குழுவினரும் 1979-ல் ஒரு வழி கண்டனர். இரத்தத்தின் அளவைப் பார்த்து, சிறிது வைட்டமின் கொடுத்து, ஐந்து மணிநேரம் கழித்து மீண்டும் பார்ப்பது. சேமிப்பு நிறைந்த உடலில் அளவு அசையாது. வற்றிய உடலில், ரெட்டினாலைச் சுமந்து செல்லும் புரதம் சுமையின்றிக் கல்லீரலில் காத்திருக்கும்; வைட்டமின் கிடைத்தவுடன் அது சுமந்துகொண்டு வெளியேற, அளவு துள்ளி உயரும். உயர்வே இங்கு வறுமையின் அடையாளம்.

இரண்டாவது, காய்ச்சலோ தொற்றோ இருந்தால் ரெட்டினாலின் அளவு தானாகவே தாழும். குறைபாடு இல்லாத குழந்தையும் அன்று குறைபாடுடையதாகத் தோன்றும். ஆகவே, உடலில் அழற்சி இருக்கிறதா என்று சொல்லும் 'சி.ஆர்.பி.' என்ற மற்றொரு புரதத்தையும் உடன் அளக்க வேண்டியதாயிற்று. 2016 முதல் 2018 வரை இந்திய அரசு நடத்திய தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வில் இம்முறையே கையாளப்பட்டது. ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு வைட்டமின் 'ஏ' குறைபாடு இருப்பதாக அது கணித்தது. கடன் கொடுக்கல் வாங்கலுக்கே இரு சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு பணிக்கப்பட்ட சமூகம் நாம். ஓர் உடற்சான்றின் சொல்லை இன்னோர் உடற்சான்றைக் கொண்டு சரிபார்ப்பதன் நியாயம் நமக்கு அந்நியமானதன்று.

கண்ணின் வெண்புள்ளியும் எப்போதும் நிகழ்காலத்தையே பேசுவதில்லை. சற்று வளர்ந்த பிள்ளைகளில், குறைபாடு நீங்கிய பின்னும் அது தழும்புபோல் தங்கியிருப்பதுண்டு. நேற்று நடந்ததை இன்று நடப்பதாகச் சொல்லும் சாட்சி அது.

வரலாறு திருச்சியோடு முடிந்துவிடவில்லை. அதே 1990-ல் ஐதராபாத் பகுதியில் நடந்த சோதனையின் முடிவும் வெளிவந்தது. அதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1993-ல் கணித்தபோது, இறப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு குறைவதாகத் தெரிந்தது. பின்னர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் தமிழகக் கிராமப்புறங்களில் 11,619 பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்தனர். பிறந்த முதலிரு நாள்களில் வைட்டமின் 'ஏ' பெற்றோரிடையே இறப்பு 22 விழுக்காடு குறைந்ததாக 2003-ல் அறிவித்தனர். ஆயினும் அரியானாவிலும் கானாவிலும் தான்சானியாவிலும் பின்னர் நடந்த பெரும் சோதனைகள் அந்தப் பயனை உறுதிசெய்யவில்லை. பிறந்தவுடன் கொடுப்பதை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கவும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் சிறுவர்களைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2013-ல் வெளிவந்தபோது, குறைவு 4 விழுக்காடே எனத் தெரிந்தது. எல்லாவற்றையும் மீண்டும் சேர்த்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுக் கணிப்பு, ஐந்து வயதுக்குட்பட்டோரிடையே 12 விழுக்காடு என்கிறது.

இதனைக் கண்டு, முன்னோர் சொன்னது பொய் என்று முடிவுகட்டுவது அவசரம். குறைபாடும் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் கொடுமையாக இருந்த இடத்தில், வாரந்தோறும் வீடுதேடிக் கொடுத்தபோது கிடைத்த பயன், தடுப்பூசியும் உணவும் மேம்பட்ட இடத்திலோ காலத்திலோ அதே அளவில் கிடைக்கவேண்டும் என்பதில்லை. ஒரு சாட்சியம் எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எவரைப் பற்றிச் சொல்லப்பட்டது என்று கேட்காமல் அதனை எங்கும் பொருத்துவதே பிழை.

நம் இல்லங்களுக்கு இந்த வரலாறு சொல்வது என்ன?

அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு முதல் தவணையாகவும், பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஐந்து வயதுவரையும் வைட்டமின் 'ஏ' திரவம் கொடுக்கப்படுகிறது. "பிள்ளைக்குக் கண்ணில் ஒன்றும் இல்லையே, எதற்கு இது?" என்று தவிர்க்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்தக் கேள்விக்கான விடையைத்தான் திருச்சியின் 15,419 குழந்தைகள் தந்தனர். அதேவேளை, நல்லதுதானே என்று கடையில் வாங்கித் தாமாகக் கூடுதலாகக் கொடுப்பதும் தீங்கு. இந்த வைட்டமின் கல்லீரலில் தங்குவது, மிகுந்தால் நஞ்சாகும். கருவுற்ற பெண்கள் மருத்துவரின் சொல்லின்றி இதனை உட்கொள்ளலாகாது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, மாம்பழம், முட்டை ஆகியவற்றைச் சிறுவரின் தட்டில் சேர்ப்பது எல்லா நாளும் செய்யத்தக்கது. சிறிது எண்ணெயோடு சமைத்தால் கீரையிலுள்ள சத்து உடலில் நன்கு சேரும்.

நம் கையிலுள்ள பரிசோதனைச் சீட்டுக்கும் இது பொருந்தும். எண் சரியாக இருக்கிறது என்பதற்காக உடல் சொல்லும் வருத்தத்தைப் புறந்தள்ள வேண்டாம். எண் சற்றே மாறியது என்பதற்காக உறக்கம் கெடவும் வேண்டாம். இந்தச் சோதனை எதை அளக்கிறது, அதனை மாற்றக்கூடிய வேறு காரணம் ஏதும் உண்டா, இன்னொரு சோதனையால் உறுதிசெய்ய வேண்டுமா என்ற மூன்று கேள்விகளை மருத்துவரிடம் பணிவோடு கேட்பது நம் உரிமை. பெரியோரிடம் மார்க்க விளக்கம் கேட்கும்போது "இதற்கு தலீல் என்ன?" என்று கேட்கப் பழகிய நாவுக்கு இது கடினமாக இராது.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். காரணங்களைத் தேடி அறியும் கடமையோ நம்மீது இருக்கிறது. அந்தக் கடமையை வாரந்தோறும் வாசல் வாசலாக நடந்து நிறைவேற்றிய, பெயர் எழுதப்படாத அந்த ஊர்த் தொண்டர்களுக்கும், தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த தாய்மார்களுக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அடுத்த தவணைக்கான நாளில், வீட்டிலுள்ள சிறு பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்பது அந்தக் கடனில் ஒரு பகுதியையேனும் தீர்க்கும்.